வியாழக்கிழமை நான் அடித்த வரி

அன்புத் தம்பி மாதேசு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டு அழித்தேன். கை அதுவாகவே அடித்துவிட்டது.

நீ வேலை செய்த மென்பொருள் தொகுப்பின் செய்தி மடலுக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். உட்கார்ந்தால் பெயர், வயது, படிப்பு, முன்னர் பார்த்த வேலை என்று விண்ணப்பப் படிவம் போலவே வருகிறது. என் கைக்குப் பழகியது அதுதான். அதனால் உன்னைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா ஏரியூரிலேயே இருக்கிறாள். என்னோடு பென்னாகரம் வந்து இரு என்றால், "நான் வந்துட்டா எருமைய யாரு பாக்கறது" என்கிறாள். எருமையை விற்று இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதை நான் எடுத்துச் சொல்வதில்லை.

நான் கடையைத் திறக்கிறேன், சாத்துகிறேன். சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது. அழுகைதான் வரவில்லை. உன்னை எடுத்த அன்றைக்கும் வரவில்லை. "கல்லாட்டம் நிக்கறா பாரு" என்று பெரியம்மா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு உன் வேலை தெரியும், உன்னைத் தெரியாது. மீதிப் பேருக்கு உன்னைத் தெரியும், நீ என்ன வேலை செய்தாய் என்று தெரியாது. இரண்டு பேருக்குமாகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

இருபத்தொன்பது வயதில் உனக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஏரியூருக்கு வந்தாய். திங்கள், வியாழன், சனி மூன்று நாளும் தர்மபுரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை முதல் பஸ்ஸில் நீ ஏரியூரில் ஏறுவாய். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறிக்கொள்வேன். எனக்கு ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பாய். இண்டூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய்.

மெஷினில் நான்கு மணி நேரம். உனக்கு இடது கைப் பழக்கம். வலது கையில் நரம்பு சரியில்லை என்று ஊசி குத்துவதற்கும் இடது கையையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கையை மடக்கக் கூடாது. நீ வலது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி லேப்டாப்பில் அடிப்பாய். முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுவதும் ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் அடிக்கிறவள் நான். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? "குடுடா இங்க. நீ சொல்லு, நான் அடிக்கறேன்" என்று ஒருநாள் பிடுங்கிக்கொண்டேன்.

"ஸ்பேஸ் நாலு விடுக்கா. இஃப். ப்ராக்கெட் போடு. சின்ன ப்ராக்கெட்" என்று நீ சொல்லச் சொல்ல அடித்தேன். அர்த்தம் தெரியாமல்தான் அடித்தேன். ஆறேழு மாதத்தில் தானாகக் கொஞ்சம் கொஞ்சம் புரிந்தது. நீ சொல்வதற்கு முன்பே அடைப்பை மூடிவிடுவேன். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

அந்தத் தொகுப்பு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருள்களை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கும் பெரிய களஞ்சியம். ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர். பிழை வந்தால் திருத்துவதும், புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்த்துத் தன் கையெழுத்தோடு ஏற்றுவதும் அவர் வேலை. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்துகொண்டு தெரியாத மனிதர்கள் இதைச் செய்கிறார்கள். உன்னைப் போல.

உன் பொறுப்பில் இருந்தது ஒரு சின்னப் பாதுகாப்புக் கருவி. கணினியில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். தினம் ஒரு சுற்று வந்து, ரேகை மாறியிருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் யாரோ உள்ளே புகுந்து கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தவறு இருந்தால் ஒன்று என்று சொல்லி முடிக்கும். எல்லாம் சரியென்றால் சைபர். அதை முதலில் எழுதியவர் எந்த நாட்டுக்காரரோ, எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். நீதான் அதைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நம் வீட்டில் அதற்குப் பெயர் பாராக்காரன். "பாராக்காரன் வேலை முடிஞ்சுதா, சோறு போடட்டா" என்று அம்மா கேட்பாள்.

"இத யாருடா கேக்கறாங்க உன்கிட்ட? ஒருத்தராச்சும் போன் பண்ணி நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நல்லா இருந்தா யாரும் பேச மாட்டாங்கக்கா. சத்தமே வரலன்னா வேலை ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம்" என்றாய்.

கடைசியில் கையெழுத்துப் போடும்போது மட்டும் லேப்டாப்பை உன் மடிக்குத் திருப்பிக்கொள்வாய். அந்தக் கையெழுத்துக்கு ஒரு ரகசியச் சொல் உண்டு. "அந்தப் பக்கம் பாருக்கா" என்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினைப் பார்ப்பேன். என்னிடம் கூடவா சொல்லக் கூடாது என்று கேட்டதற்கு, "உன்ன நம்பாம இல்ல. அது என் பேரு. என் பேர நான்தான் போடணும்" என்றாய். நாலு வருடத்தில் ஒருநாளும் அந்தச் சொல்லை நான் பார்க்கவில்லை.

அந்தப் புதன்கிழமை நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

காலை பத்தரை மணி இருக்கும். நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். நான்கு பக்கத்தில் இரண்டு பக்கம் பிரிண்ட் வந்திருந்தது. அம்மா போன் பண்ணினாள். "கலா, தம்பி எந்திரிக்க மாட்டேங்கறான்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் மீதி இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்தேன். ஸ்டேப்ளர் பின் அடித்து, எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் போன பிறகு ஷட்டரை இறக்கினேன். என் வீட்டுக்காரர், உன் மாமா, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் எனக்கு நினைவிருந்தது, மறுநாள் வியாழக்கிழமை, நீ பஸ் ஏற வேண்டும் என்பது மட்டும்தான்.

ரத்தத்தில் உப்பு ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். தூக்கத்திலேயே என்றார்கள். வலித்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் உன் லேப்டாப்பைத் திறந்தேன். நீ இல்லை என்று தொகுப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் திறந்தேன். எனக்கு முன்பே ஒரு கடிதம் வந்து மூன்று நாளாகக் காத்திருந்தது.

தூர தேசத்தில் ஒரு சின்ன நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் எழுதியிருந்தார். வெகுகாலமாக உங்கள் பொதியைப் பயன்படுத்துகிறேன், நன்றி என்று ஆரம்பித்திருந்தார். அவர்கள் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்களாம். ஒரு கோப்பை மாற்றிவிட்டு, அதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாராக்காரன் பதினொரு நாள் அந்த வழியாகவே சுற்றி வந்து, எல்லாம் சரி என்றே சொல்லியிருக்கிறது. புத்தகம் எடுக்க வருகிறவர்களின் பெயரும் முகவரியும் பதினொரு நாள் அந்நியர் கையில் இருந்திருக்கின்றன. எங்கே தவறு என்று தேடி, எந்த வரி என்றும் அவரே குறிப்பிட்டிருந்தார்.

அந்த வரியைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. படிக்க முடியாத கோப்பு வந்தால் பழைய கருவி அப்படியே நின்றுவிடும். நிற்காமல் மேலே போக வேண்டும், ஆனால் முடிவில் ஒன்று என்று சொல்ல வேண்டும். அதற்காக நீ ஏழு வரி சேர்த்தாய். அதில் கடைசி வரியில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் சைபர் இருந்தது.

எந்த வரியை யார், எப்போது சேர்த்தார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். உன் பெயர் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால். அந்த நேரத்துக்கு நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை பகலில் உனக்காக எழுத்து அடித்தது யார் கை?

தொகுப்பின் பாதுகாப்புக் குழுவில் எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பவர் இங்ரிட் என்று ஓர் அம்மா. நீ அடிக்கடி சொல்லுவாய். அவருக்கு எழுதினேன். என் தம்பி இறந்துவிட்டான் என்று ஆங்கிலத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு இலக்கணம் சரியா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். வருத்தத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். திருத்தத்தை அவர்களே அன்றைக்கே ஏற்றிவிடுவார்கள். எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு போக வேண்டும். பொதியின் பொறுப்பாளர் சேர்த்த மாற்றத்தால் இந்தப் பிழை வந்தது என்று அதில் ஒரு வரி இருக்கும். உன் பெயரைப் போட மாட்டார்கள், ஆனால் பதிவைத் திறந்தால் யாருக்கும் தெரியும். குடும்பத்தார் ஏதாவது சேர்க்க விரும்பினால் இரண்டு நாள் காத்திருப்பதாக எழுதியிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரி வார்டில் உன் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து அடித்தாள் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. நான் சும்மா இருந்திருந்தால் அறிவிப்பு போயிருக்கும், பிழை உன் பெயரில் நின்றிருக்கும், ஒருவரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன் மாதேசு. மறைக்க மாட்டேன். ஒரு நாள் முழுவதும் நினைத்தேன். நீ சொன்னதைத்தானே அடித்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு உன் டயாலிசிஸ் நோட்டை எடுத்தேன். அந்தத் தேதியைத் தேடினேன். பிரஷர் இறங்கிவிட்டது, தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து சலைன் ஏற்றினோம் என்று எழுதியிருந்தது. நேரம் பதினொன்றரை. அப்படி ஒரு நாள் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. என்ன பேசினோம் என்பது மட்டும் நினைவில்லை. நோட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மயக்கத்தில் நீதான் தப்பாகச் சொல்லியிருக்கிறாய் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னவோ போல இருக்கிறது.

அதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று மறுநாள் காலை தர்மபுரிக்குப் போனேன். வார்டில் எதுவும் மாறவில்லை. உன் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அவர் மனைவி நான் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். சகாயமேரி சிஸ்டர்தான் டியூட்டியில் இருந்தார். உன்னை முதல் நாளிலிருந்து பார்த்தவர்.

"வா கலா. சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேங்க சிஸ்டர்." நோட்டை நீட்டினேன். "இந்த நாளு நெனப்பு இருக்குதுங்களா?"

படித்துப் பார்த்தார். "இருக்காம என்ன. பயமுறுத்திட்டான் அன்னைக்கு. கண்ணு மேல போயிடுச்சு."

"அவன் பேசிட்டு இருந்தானுங்களா? எனக்குச் சொல்லிட்டு இருந்தானா, நான் அடிக்கறதுக்கு?"

சிஸ்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "எதுக்குக் கேக்கற?"

சொன்னேன். சைபர், ஒன்று, நூலகம், பதினொரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் நிதானமாகக் கேட்டார்.

"அவன் பேசல கலா" என்றார். "வாய்க்குள்ள என்னமோ முனகினான், அவ்வளவுதான். நான் உன்கிட்ட பொட்டிய மூடி வையின்னு சொன்னேன். அவனும் கையக் காட்டுனான், போதும்னு. நீதான் மூடல. 'இன்னும் ஒரே வரி சிஸ்டர், முடிச்சிட்டா அவன் நிம்மதியா தூங்குவான்'னு சொன்ன."

நோட்டை வாங்கி மூடினேன்.

"அப்புறம் முழிச்சதும் அவன் மடில வெச்ச. அவன் கண்ணத் தொறந்தும் தொறக்காமலும் என்னமோ தட்டுனான். நீ அந்தப் பக்கம் திரும்பிகிட்ட."

சிஸ்டர் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். "நீ அவனுக்கு நல்லதுன்னுதான் செஞ்ச" என்றார். அது உண்மைதான். அதனால் அந்த வரி சரியாகிவிடுமா?

அப்படியென்றால் நீ கையெழுத்துப் போட்டது நான் முடித்த வரிக்கு. நீ அதைப் படித்துப் பார்த்தாயா? படிக்கும் நிலையில் இருந்தாயா? அக்கா அடித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுவிட்டாயா? பிறகு எப்போதாவது கண்ணில் பட்டு, எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சொல்லாமல் விட்டாயா? இல்லை, அதை நான் நம்ப மாட்டேன். பட்டிருந்தால் திருத்தியிருப்பாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட்டே கிடைத்தது. அழ வேண்டும் என்று தோன்றியது. அதற்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இண்டூரில் கொய்யாப்பழம் வாங்கினேன்.

நேராக ஏரியூருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரியும்படி சொல்ல நேரம் பிடித்தது. பாராக்காரன் தூங்கிவிட்டான், திருடன் வந்துவிட்டான், தூங்க வைத்தது நான் அடித்த ஒரு வரி என்றேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லப் போறியா?" என்று கேட்டாள்.

"எழுதலாம்னு இருக்கறேன்மா."

"ஒன்னும் எழுதாத. போனவன் பேரு கெட்டுப் போவுது, இருக்கறவ பேரும் கெட்டுப் போவுது. யாரு உன்னக் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

"அப்புறம் என்னா?"

"சொல்லலன்னா அவன் பேருதான்மா கெட்டுப் போவுது" என்றேன். அம்மா முறத்திலிருந்த துவரையைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். முடித்து முறத்தைக் கீழே வைத்த பிறகு, "அவனுக்கு முடியாம இருந்ததையும் சேத்து எழுது. அவன் சும்மா பண்ணலன்னு தெரியணும்" என்றாள்.

அன்று மாலையே கடையில் உட்கார்ந்து இங்ரிட்டுக்கு நான்கு வாக்கியம் அனுப்பினேன். பொறுப்பாளர் நான்கு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டே இந்தப் பொதியைப் பார்த்துவந்தார். அவர் சொல்லச் சொல்ல அடித்தது அவர் அக்காவாகிய நான். தவறான வரியை அவர் நினைவு தெளிவாக இல்லாத நேரத்தில் நான் முடித்தேன், அவர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. நூலகத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்படியே போட்டுவிடுங்கள் என்றேன். ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டார்கள்.

நிறைய பேர் எழுதினார்கள். உனக்கு உடம்பு சரியில்லை என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. ஏன்டா சொல்லவில்லை? நாளை பார்க்கிறேன், இன்று வேறு வேலை என்றுதான் எப்போதும் எழுதுவாயாம். ஒரே ஒருவர் மட்டும், இப்படி வார்டில் உட்கார்ந்து செய்யும் வேலையை நம்பித்தான் நாங்கள் இருந்தோமா என்று கடுமையாகக் கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயம்தான். மற்றவர்கள் அவரோடு சண்டை பிடித்தார்கள். நான், அவர் சொல்வது சரி, இனிமேல் இரண்டு பேர் படிக்காமல் எந்த வரியும் போகக் கூடாது என்று எழுதினேன். நூலகத்துக்காரர் தனியாக ஒரு கடிதம் போட்டார். அவருடைய அப்பாவும் டயாலிசிஸில் இருந்தவராம். அதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை.

இனிமேல் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு அதில் என்ன உரிமை? பொறுப்பாளர் இல்லாத பொதியை ஆதரவற்றது என்று ஒரு பட்டியலில் போடுவார்கள். யாரும் வரவில்லையென்றால் அடுத்த வெளியீட்டில் நீக்கிவிடுவார்கள். பாராக்காரன் பெயர் அந்தப் பட்டியலில் வந்தது. உன் கையெழுத்து உன்னோடு போய்விட்டது. அதை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் பெயரில் எழுதிப் போட்டேன்.

புதிதாக வருகிறவர் உண்மையில் இன்னார்தானா என்று ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. நமக்குப் பக்கத்தில் இருந்தது ஓசூர்க்காரர் ஒருவர், கிரிஜா. உன்னோடு நாலு வருடம் கடிதத்தில் பேசியவர். பஸ் பிடித்து தர்மபுரி வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்தோம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தமிழைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"ஐடி கார்டு கொஞ்சம் குடுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

என் அட்டையை வாங்கி, படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் அட்டையை என்னிடம் கொடுத்து என்னையும் அப்படியே பார்க்கச் சொன்னார். நான் முன்பே அனுப்பியிருந்த, என் கணினிக் கையெழுத்தை அடையாளம் காட்டும் நீளமான எண் அவர் கொண்டுவந்த தாளில் இருந்தது. என் தாளில் இருந்த எண்ணை நான் படிக்க, அவர் நாலு நாலு இலக்கமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் டீ வந்தது. "அவருக்கு உங்க மாதிரியே முகமாங்க?" என்று கேட்டார். நாலு வருடம் பேசியும் உன் முகத்தை அவர் பார்த்ததில்லை. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. நான் டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தேன். உன் அக்கா நான், அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் ரெண்டாவது ஆளா இருக்கறேங்க. நீங்க எழுதறத நான் படிக்கறேன். நான் எழுதறத நீங்க படிங்க" என்றார். அப்படித்தான் இப்போது நடக்கிறது.

ஒவ்வொரு பொதியிலும் பொறுப்பாளர் என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு பெயர்தான் போட முடியும். போன மாதம் முதல் முறையாக என் கையெழுத்தில் ஒரு பதிப்பை ஏற்றினேன். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த உன் பெயரை எடுக்க வேண்டியிருந்தது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். உன் பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை வைத்தேன். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். பாதியில் யாரோ ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்தார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மீதியை அழித்தேன். என் பெயரை அடித்தேன். நான் எதிர்பார்த்த எதுவும் எனக்குள் நடக்கவில்லை. கிரிஜா படித்துவிட்டுச் சரி என்றார். ரகசியச் சொல்லை அடிக்கும்போது சுற்றிலும் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்வதற்குக் கடையில் ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன்.

"அவன் பேர அழிச்சிட்டியா?" என்றாள்.

"ஒரே எடத்துலதாம்மா. அவன் செஞ்சது ஒவ்வொன்னுக்கும் கீழ அவன் பேரும் தேதியும் இருக்குது. அத யாரும் அழிக்க முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

"அந்தத் தப்பு வரி?"

"அதுக்குக் கீழயும் இருக்குது. அதுக்கு அடுத்து என் பேருல, இத அடிச்சது நான்னு எழுதி இருக்குது."

அம்மா தலையை ஆட்டினாள். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயா இருக்குது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா எழுந்து போய் சோறு போட்டாள்.

அழுகை எனக்கு இன்னும் வரவில்லை மாதேசு. வரும் என்று சிஸ்டர் சொல்கிறார். வராவிட்டாலும் பரவாயில்லை என்று மாமா சொல்கிறார். நான் இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். படிக்காமல் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். உடம்பு முடியாத நாளில் முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிடுவேன், உன்னைப் போல வேறு வேலை என்று சொல்ல மாட்டேன். என் கையால் பிழை நடந்தால் என் பெயரிலேயே சொல்வேன். இந்த வேலையை ஒருநாள் நானும் விட வேண்டி வரும். அப்போது அடுத்தவர் யார் என்று பார்த்து, அவர் முகத்தை நேரில் பார்த்து, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று எழுதிவிட்டுத்தான் போவேன். சொல்லாமல் போக மாட்டேன்டா. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன்னோடு பிறந்த அக்கா,
கலா
பென்னாகரம்